ஜிடிகே 2-ஐ இன்னும் சுமக்கணுமா? வாசகசாலை டிஸ்ட்ரோவின் அடுத்த பதிப்பு பற்றி

#1 · கொழிஞ்சாம்பாறை_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நம்ம வாசகசாலை டிஸ்ட்ரோவை (நாமே தொகுக்கும் லினக்ஸ் இயங்குதளம்) அதன் அடித்தளமான டெபியன் 12-லிருந்து 13-க்குக் கொண்டுபோகும் வேலை பாதியில் நிற்கிறது. நின்ற இடம் ஜிடிகே 2, அதாவது புரோகிராம்களுக்கு விண்டோவும் பட்டனும் வரைந்து தரும் பழைய டூல்கிட் லைப்ரரி. அதை அடுத்த பதிப்பிலும் வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று உங்களைக் கேட்காமல் மேலே போக எனக்கு மனமில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பள்ளி ஆய்வகங்களில் கேரள அரசின் கைட் நிறுவனம் தரும் இயங்குதளம் ஓடுகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நாம் கட்டுவது கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கத்து மூன்று வாசகசாலைகளில் உள்ள 11 கணினிகளுக்கும், அதைப் பார்த்துவிட்டு வீட்டிலும் கேட்டு வாங்கிப் போட்டவர்களுக்கும். பெரும்பாலும் கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கோர் 2 டுயோ பெட்டிகள். 2 ஜிபி ரேம். டெஸ்க்டாப் எக்ஸ்எஃப்சிஇ.

இரவல் பதிவேடு என்று நாம் சொல்லும் புரோகிராம் 2008-ல் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த நம் ஊர்ப் பையன் சி மொழியில் எழுதியது. ஜிடிகே 2. சோர்ஸ் நம்மிடம் பத்திரமாக இருக்கிறது. குழந்தைகளுக்கான தட்டச்சுப் பயிற்சி ஒன்று உண்டு, அது பைஜிடிகே, அதாவது பைத்தான் மொழியிலிருந்து ஜிடிகே 2-ஐப் பயன்படுத்துவது. இவை தவிர பால் சொசைட்டியின் கணினியிலும் நம் டிஸ்ட்ரோவைத்தான் போட்டிருக்கிறார்கள்.

போன வாரம் சோதனைப் பதிப்பை வண்ணாமடையில் ஒரு கணினியில் போட்டேன். பதிவேடு திறந்தது. பழைய தகவல் எல்லாம் வந்தது. ஆனால் பெயர் எழுதும் கட்டத்தில் தமிழ் விழவில்லை. தமிழ்99 விசைப்பலகைக்கு மாற்றினாலும் ஆங்கில எழுத்தே வருகிறது. அதே கணினியில் எழுத்துத் தொகுப்பியைத் திறந்தால் தமிழ் ஒழுங்காக வருகிறது. அங்கே மாலையில் உட்காரும் பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறை மேசை இழுப்பறையிலிருந்து பழைய நோட்டை எடுத்து பேனாவால் எழுத ஆரம்பித்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

#2 · கோவிந்தாபுரம்_சர்வீஸ்

டீச்சர், என் கருத்தை நேராகவே சொல்லிடறேன். எடுத்துடலாம்.

ஜிடிகே 2-க்குக் கடைசி வெளியீடு 2.24.33. அது 2020 டிசம்பர். அதே மாசம் ஜிடிகே 4 வந்தது, 2-ஐ அத்தோட முடிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எழுதினவங்களே அதைத் தொடலை. நாம மொத்தம் நாலு பேர். அதுலயும் ராத்திரி உட்கார்ந்து இமேஜ் (கணினியில நிறுவற கோப்பு) கட்டறது நீங்களும் பொதி_கட்டி அண்ணாவும்தான். செத்துப்போன லைப்ரரிக்குத் தீம், ஃபான்ட், பிரிண்டிங்னு ஒவ்வொண்ணா பார்த்துக்கிட்டிருந்தா உயிரோட இருக்கறதுக்கு நேரம் எப்ப ஒதுக்கறது?

எக்ஸ்எஃப்சிஇ 4.14-லயே, அதாவது 2019-லயே, ஜிடிகே 3-க்கு வந்தாச்சு. மேட்டே டெஸ்க்டாப் 1.18-ல, 2017-ல வந்தாச்சு. இங்க்ஸ்கேப் 1.0-ல, 2020-ல வந்தாச்சு. டெபியன் 13-ல படம் திருத்தற கிம்ப்பும் 3.0 ஆயிடுச்சு. நம்ம ஆளுங்க தினமும் திறக்கற புரோகிராம் எதுவும் இப்ப ஜிடிகே 2 இல்லை. பதிவேடு ஒண்ணுக்காக முழு வண்டியை இழுக்கறோம்.

#3 · பொதி_கட்டி

தம்பி சொன்ன தேதியெல்லாம் சரி. ஆனா முடிவுக்குக் கொஞ்சம் சீக்கிரமாப் போயிட்டார்.

முதல்ல ஒண்ணு. பழசும் புதுசும் ஒரே கணினியில அக்கம்பக்கமா இருக்கறது எந்தத் தொந்தரவும் இல்லாத விஷயம். அதை ஜிடிகே எழுதினவங்க ஆரம்பத்துலயே யோசிச்சு வச்சிருக்காங்க. லைப்ரரிக் கோப்பின் பேர்லயே 2, 3, 4-னு எண் இருக்கும். ஹெடர் கோப்புகளுக்கு ஜிடிகே-2.0, ஜிடிகே-3.0, ஜிடிகே-4.0-னு தனித்தனி அடைவு. கம்பைல் பண்ணும்போது கேட்கற பேரும் தனி. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்காராது. ஒரே தெருவுல மூணு தலைமுறை மூணு வீட்டுல குடியிருக்கற மாதிரி.

ஒரே வீட்டுக்குள்ள குடியேத்தறதுதான் முடியாது. ஒரே புரோகிராமுக்குள்ள 2-ஐயும் 3-ஐயும் ஏத்தினா, ஜிடிகே 3 தொடங்கும்போதே 2-ன் சிம்பல்கள் கண்ணுல பட்டுதுன்னு சொல்லி அங்கயே நிறுத்திடும். ரெண்டுலயும் ஒரே பேர்ல ஃபங்ஷன் இருக்கு, உள்ளே அமைப்பு வேற. எது எதைக் கூப்பிடுதுன்னு தெரியாமப் போய் நினைவகம் கலைஞ்சுடும். அதனால முதல் அடியிலயே நிறுத்தறது நல்லதுதான்.

அப்ப, லைப்ரரியை வட்டுல வச்சிருக்கறதுக்கு ஆகற செலவு சில எம்பி மட்டும். தம்பி கவலைப்படற செலவு அது இல்லை, அதைச் சுத்தி வர்ற கூட்டம். அதைப் பத்தி ராத்திரி எழுதறேன். டீச்சர், அதுக்குள்ள ஒரு சந்தேகம். சோதனை இமேஜ் கட்டும்போது, இடம் மிச்சம் பண்ண 'ரெக்கமெண்ட்ஸ்' பொதிகளை, அதாவது கட்டாயமில்லாம பரிந்துரைக்க மட்டும் செய்யற பேக்கேஜுகளை, விட்டுட்டீங்களா?

#4 · கொழிஞ்சாம்பாறை_டீச்சர்

ஆமாம், விட்டுவிட்டேன். இமேஜ் பழைய பென் டிரைவில் அடங்கவேண்டும் என்று கட்டாயத் தேவைகளை மட்டும் சேர்க்கச் சொல்லியிருந்தேன். தப்பா?

#5 · பொதி_கட்டி

தப்பு இல்லை டீச்சர், ஆனா உங்க தமிழ் அங்கதான் மாட்டிக்கிச்சு.

ஐபஸ், அதாவது விசையைத் தமிழ் எழுத்தா மாத்தற புரோகிராம், ஒரு பக்கம் ஓடிக்கிட்டிருக்கும். நீங்க விசையைத் தட்டினா அதை முதல்ல வாங்கறது விண்டோ வரைஞ்ச டூல்கிட். அந்த டூல்கிட்டுக்குள்ள சின்னதா ஒரு மாட்யூல் உட்கார்ந்து விசையை ஐபஸ்ஸுக்கு அனுப்பி, ஐபஸ் எம்17என் லைப்ரரி வழியா தமிழ்99 விதியைப் பார்த்து எழுத்தாக்கித் திருப்பிக் கொடுக்கும். அந்த மாட்யூல் ஜிடிகே 2-க்கு ஒண்ணு, 3-க்கு ஒண்ணு, 4-க்கு ஒண்ணுன்னு தனித்தனி. டெபியன்ல ஐபஸ்-ஜிடிகே, ஐபஸ்-ஜிடிகே3, ஐபஸ்-ஜிடிகே4-னு மூணு பொதி. எண் எதுவும் போடாததுதான் 2-க்கானது. ஜிடிகே 2 லைப்ரரியைப் பதிவேடு கேட்கும், அதனால அது தானா வந்துடும். ஐபஸ்-ஜிடிகே-யைப் பதிவேடு கேட்காது, யாரும் கேட்கமாட்டாங்க. அது பரிந்துரைப் பட்டியல்ல மட்டும் இருக்கும். அதை நீங்க விட்டுட்டீங்க.

க்யூட்டின்னு இன்னொரு டூல்கிட் இருக்கு, அந்தப் பக்கம் கதை வேற. க்யூட்டி 5-லயும் 6-லயும் ஐபஸ்ஸுக்கான செருகல் க்யூட்டியோடயே வருது. க்யூட்டி 4-க்கு அதுவும் தனிப் பொதி.

இங்கிலீஷ்ல மட்டும் எழுதறவங்களுக்கு இந்தக் கோளாறு கண்ணுலயே படாது. அவங்களுக்கு ஜிடிகே 2 விண்டோ திறந்தா வேலை முடிஞ்சது, டிஸ்ட்ரோ அதை "ஆதரிக்குது"ன்னு எழுதிடலாம். நமக்கு அப்படி இல்லை. தமிழ், மலையாளம், தெலுங்கு எழுதற எல்லாருக்கும் ஒவ்வொரு டூல்கிட் பதிப்பும் ஒரு தனிக் கதவு. ஒவ்வொரு கதவுலயும் நம்ம மொழிக்கு ஒரு ஆளை நிறுத்தணும்.

இப்போதைக்கு அந்தப் பொதியைப் போட்டுட்டு லாக் அவுட் பண்ணி உள்ளே வாங்க. அது கிடைக்காத இடத்துல, மாட்யூல் மாறியில் (GTK_IM_MODULE) 'எக்ஸ்ஐஎம்'னு, அதாவது பழைய பொது உள்ளீட்டு வழியைக் கொடுத்துப் புரோகிராமைத் திறந்து, ஐபஸ்ஸையும் எக்ஸ்ஐஎம்மோட ஓட விட்டா வேலை நடக்கும். அவசரத்துக்கு மட்டும்.

#6 · பால்_சொசைட்டி_கணக்கர்

நானும் ஒண்ணு கேட்டுக்கறேன். நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லை. காலையில 5 மணிக்குப் பால் எடுப்பு ஆரம்பிக்கும். கொழுப்பு அளக்கற மெஷின்லேர்ந்து ஒயர் கம்ப்யூட்டருக்கு வரும், அதுல கம்பெனிக்காரங்க கொடுத்த சாஃப்ட்வேர் லிட்டரும் ஃபேட்டும் போட்டு விலைச் சீட்டு அடிக்கும். ஆறேழு வருஷமா ஓடுது. டீச்சர் புதுசு போடலாம்னு சொன்னப்ப ஒரு நாள் போட்டுப் பார்த்தோம், அது திறக்கவே இல்லை. ஏதோ லைப்ரரி இல்லைன்னு வந்தது. பழையதையே திருப்பிப் போட்டுட்டோம். கம்பெனிக்கு போன் பண்ணினா புது மெஷின் வாங்குங்கன்னு சொல்றாங்க. வரிசையில நிக்கறவங்க கேனோட நிக்கறாங்க, அவங்க கிட்ட இதெல்லாம் சொல்ல முடியாது.

#7 · கோவிந்தாபுரம்_சர்வீஸ்

அது க்யூட்டி 4, 32 பிட். போன மாசம் நான்தான் பார்த்தேன். சோர்ஸ் கிடையாது.

இதுக்கு ஜிடிகே 2 இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான். க்யூட்டி 4-க்கு ஆதரவு 2015 டிசம்பரோட முடிஞ்சது. டெபியன்ல அதை எடுக்கப்போறோம்னு 2017-ல அறிவிச்சாங்க, பஸ்டருக்கு முன்னாடியே போயிடும்னு சொன்னாங்க. ஆனா பஸ்டர்ல, அதாவது டெபியன் 10-ல, அது இருந்தது. சார்ந்து நிக்கற பொதி அத்தனை. ஒவ்வொண்ணா மாத்தியோ கழிச்சோ 2021-ல வந்த டெபியன் 11-லதான் போச்சு.

#8 · மூணாறு_லேப்

எங்க பக்கத்துலேர்ந்து ஒண்ணு. இங்கே எஸ்டேட் லயங்களுக்கு நடுவுல ஒரு படிப்பகம் வச்சிருக்கோம். உங்க இமேஜைத்தான் போட்டிருக்கோம், நன்றி. எல்லாரும் பழைய டூல்கிட்டால வர்ற தொல்லையைச் சொல்றீங்க. எங்களுக்குப் புதுசாலயும் தொல்லை இருக்கு.

எங்க பெட்டிகள்ல இருக்கற பழைய இன்டெல் கிராஃபிக்ஸ் சில்லு ஓபன்ஜிஎல்-ங்கற கிராஃபிக்ஸ் தரத்துல 2.1-க்கு மேல போகாது. ஜிடிகே 4 விண்டோவை வரையறதே கிராஃபிக்ஸ் சில்லை நம்பித்தான். 4.14-லேர்ந்து வந்த புது ரெண்டரருக்கு (திரையில வரையற பகுதிக்கு) ஓபன்ஜிஎல் 3.3 அல்லது ஜிஎல்இஎஸ் 3.0 வேணும். அது கிடைக்காதப்ப சிபியு-வை வச்சு வரையுது. ஒரு பட்டியலை மேலயும் கீழயும் உருட்டினா விசிறி சுத்தற சத்தம் கேட்கும். ரெண்டரர் மாறியில் 'கெய்ரோ'ன்னு நாமே கொடுத்துட்டா தடுமாற்றம் கொஞ்சம் குறையுது. இதே பெட்டியில ஜிடிகே 3 புரோகிராம் நல்லாவே ஓடுது. ஜிடிகே 2 பறக்குது.

ரேம் இன்னொண்ணு. ஒரே லைப்ரரியைப் பத்து புரோகிராம் திறந்தாலும் நினைவகத்துல கோட் ஒரு தடவைதான் ஏறும். ஆனா ஒரு பையன் ஜிடிகே 3 ஃபைல் மேனேஜர், க்யூட்டி 5-ல ஒண்ணு, க்யூட்டி 6-ல ஒண்ணு, ஜிடிகே 4-ல ஒண்ணுன்னு திறந்தா நாலு டூல்கிட்டும் தனித்தனியா ஏறும். 2 ஜிபி-ல அது தெரியும். உலாவியும் திறந்திருந்தா ஸ்வாப் போயிடும். அதனால ஒரு வேலைக்கு ஒரு புரோகிராம்னு பொறுக்கி எடுக்கும்போது எந்த டூல்கிட்னு பார்த்து எடுங்க.

#9 · நகரி_தறி

நான் ஆந்திரா பக்கம், நகரி. எங்க வீட்டுல பவர்லூம். சேலைக்கு பார்டர் டிசைனை கிம்ப்ல போட்டு, நிறத்தைக் குறைச்சு, ஒரு பிக்ஸலுக்கு ஒரு இழைன்னு வச்சு கிராஃப் எடுக்கறது என் வேலை. வேலை சுலபமாக நானே பைத்தான்-ஃபூ-ல (கிம்ப்புக்குள்ள பைத்தான் ஓட்டற வசதி) நாலைஞ்சு ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருந்தேன்.

ஜிடிகே-ங்கற பேரே கிம்ப் டூல்கிட்ங்கறதுதான். பெர்க்லியில படிச்ச ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் கிம்ப்புக்காக எழுதின டூல்கிட் அது. ஜிடிகே 3.0 வந்தது 2011. கிம்ப் அதுக்கு மாறி 3.0-ஆ வந்தது 2025 மார்ச். பெத்த தாயே மாறறதுக்கு 14 வருஷம் ஆச்சு. அது சோம்பலால இல்லை. திரையில வரையற ஒவ்வொரு இடத்தையும் மாத்தி எழுதணும், அதே சமயத்துல புது வசதியும் கேட்கறாங்க, வேலை செய்யறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். அந்தப் 14 வருஷமும் டிஸ்ட்ரோக்கள் ஜிடிகே 2-ஐ வச்சிருந்ததாலதான் எங்க வீட்டுத் தறி நிக்காம ஓடிச்சு. செத்த லைப்ரரின்னு தம்பி எழுதினதைப் படிச்சப்ப அதான் மனசுல பட்டது.

ஆனா என் ஸ்கிரிப்டைக் கொன்னது ஜிடிகே இல்லை, பைத்தான் 2. அது 2020 ஜனவரியோட முடிஞ்சது. கிம்ப் 2.10 ஜிடிகே 2-லயே இருந்தாலும், பைத்தான் 2-ஐ டிஸ்ட்ரோக்கள் எடுத்தப்ப பைத்தான்-ஃபூவும் கூடவே போயிடுச்சு. உபுண்டு 18.04 போட்ட பழைய பெட்டியை ரெண்டு வருஷம் அதுக்காகவே வச்சிருந்தேன். இப்ப கிம்ப் 3-க்கு பைத்தான் 3-ல திரும்ப எழுதிட்டேன். மூணு ராத்திரி ஆச்சு.

இன்னொண்ணு, நான் சீட்டுல தெலுங்கும் எழுதணும், தமிழும் எழுதணும். பொதி_கட்டி சொன்ன கதவு விஷயம் எனக்கு ரெண்டு மடங்கு.

#10 · கொழிஞ்சாம்பாறை_டீச்சர்

இன்று சாயங்காலம் வண்ணாமடை போய் அந்த ஒரு பொதியைப் போட்டேன். லாக் அவுட் செய்து உள்ளே வந்து பதிவேட்டைத் திறந்தேன். தமிழ் வந்தது. பெரியவர் நோட்டில் எழுதியிருந்த ஒன்பது பேரையும் அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஆனால் அவர் வேறொன்றும் சொன்னார். எழுத்து சின்னதாக இருக்கிறது, பட்டன்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் பழைய காலத்து மாதிரி இருக்கின்றன என்றார். நம் தீமில் ஜிடிகே 2-க்கான பகுதியே இல்லை. அதனால் அது தன் இயல்பான தோற்றத்துக்குப் போய்விட்டது.

பைஜிடிகே பயிற்சி புரோகிராம் திறக்கவில்லை. ஜிடிகே 2 இருக்கும்போது ஏன் திறக்கவில்லை என்று யாராவது சொல்லுங்கள்.

#11 · கோவிந்தாபுரம்_சர்வீஸ்

நகரி அண்ணா சொன்ன அதே காரணம் டீச்சர். பைஜிடிகே பைத்தான் 2-க்கு மட்டும் எழுதினது. டெபியன் 12-லயே பைத்தான் 2 இல்லை. போன பதிப்புலயே அந்தப் பயிற்சி திறந்திருக்காது, குழந்தைங்க சொல்லாம விட்டிருப்பாங்க. அதுக்காக ஜிடிகே 2-ஐ வச்சிருக்கறதுல ஒரு பயனும் இல்லை. அதைத் திரும்ப எழுதணும். பைஜிஆப்ஜெக்ட் (PyGObject) வழியா பைத்தான் 3-லேர்ந்து ஜிடிகே 3-ல எழுதினா போதும். தொடக்கத்துலயே 3.0 வேணும்னு பதிப்பு எண்ணைச் சொல்லிடணும். சொல்லாம விட்டா கணினியில இருக்கற புதுசை எடுத்துக்கும், 4-ஐ எடுத்துட்டா பாதி ஃபங்ஷன் இருக்காது. நான் எழுதறேன், என் பையன் அந்தப் பயிற்சியிலதான் தமிழ்99 பழகினான்.

நகரி அண்ணாவுக்கு: செத்தன்னு சொன்னது தப்புதான். 14 வருஷக் கணக்கு எனக்குத் தோணலை.

#12 · பொதி_கட்டி

ராத்திரி எழுதறேன்னு சொல்லி மூணு நாள் ஆச்சு. மன்னிக்கணும். கரண்ட் போய் வந்துக்கிட்டிருந்தது.

தம்பி பயப்படற கூட்டத்தைப் பத்திச் சொல்றேன். டூல்கிட் தனியா வராது. எழுத்துத் தொகுப்பிக்கான சோர்ஸ்வியூ லைப்ரரியைப் பாருங்க: 2-வது பதிப்பு ஜிடிகே 2-க்கு, 3-ம் 4-ம் ஜிடிகே 3-க்கு, 5 ஜிடிகே 4-க்கு. டெர்மினலுக்கான விடிஇ-யும் ஜிடிகே 3-க்கு ஒண்ணு, 4-க்கு ஒண்ணு. தீம், உள்ளீட்டு மாட்யூல், பிரிண்டிங் செருகல் எல்லாமே இப்படித்தான். ஒரு டூல்கிட் பதிப்பை வச்சிருக்கோம்னு சொன்னா இவ்வளவையும் வச்சிருக்கணும்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. எழுத்தை வரையற பாங்கோ லைப்ரரி ஜிடிகே 2, 3, 4 மூணுக்கும் பொது. அதுக்குக் கீழே எழுத்து வடிவத்தைக் கோக்கற ஹார்ஃப்பஸ். அதனால கொம்பும் காலும் இடம் மாறாம விழறது பழைய விண்டோவுலயும் புது விண்டோவுலயும் ஒரே தரம். பாங்கோவுல ஒரு திருத்தம் வந்தா 2020-ல நின்ன ஜிடிகே 2-க்கும் அது சேர்ந்தே போகுது. ஆனா அதே வழியில கெட்டதும் வரும். பாங்கோ 1.44-ல, 2019-ல, பிட்மேப் ஃபான்ட்டையும் டைப் 1 ஃபான்ட்டையும் கைவிட்டாங்க. யூனிகோடுக்கு முந்தின காலத்துத் தமிழ் பிட்மேப் ஃபான்ட் வச்சிருந்தவங்களுக்கு ஜிடிகே 2 அப்படியே இருந்தும் எழுத்து காணாமப் போச்சு. பழசை வச்சிருக்கோம்னு நினைச்சுக்கிட்டிருப்போம், அதுக்கு அடியில மண் மாறிக்கிட்டே இருக்கும்.

ஜென்டூங்கற டிஸ்ட்ரோவுல இதை எப்படிக் கையாண்டாங்கன்னு பார்த்தா நமக்கு ஒரு வழி தெரியும். அங்க ஒவ்வொரு பதிப்புக்கும் ஸ்லாட்னு தனி இடம் கொடுத்து 2, 3, 4 மூணையும் பக்கத்துல வைப்பாங்க. லைப்ரரிக்கு அது போதும். சிக்கல் வந்தது யூஸ் கொடியில, அதாவது எதெது வேணும்னு பயனர் போடற குறியில. ஆரம்பத்துல 'ஜிடிகே'ன்னு ஒரு கொடி, 'ஜிடிகே2'ன்னு இன்னொரு கொடி. ஒரு புரோகிராமை எதுல கட்டணும்னு பயனர் கொடி பார்த்து முடிவு பண்ணணும். ரெண்டையும் போட்டா என்ன அர்த்தம், ஒண்ணை மட்டும் போட்டா என்ன அர்த்தம்னு பொதிக்குப் பொதி மாறிச்சு. அப்புறம் 'ஜிடிகே3' வந்தப்பவும் அதே குழப்பம். கடைசியில, 'ஜிடிகே'ன்னா டூல்கிட் வேணும்ங்கறது மட்டும்தான், எந்தப் பதிப்புங்கறதைப் பொதியைப் பராமரிக்கறவர் பொறுக்கணும், உண்மையிலேயே ரெண்டுலயும் கட்டவேண்டிய அவசியம் இருந்தா மட்டும் எண் போட்ட கொடின்னு வந்து நின்னாங்க.

எனக்கு அது ரொம்பச் சரியாப் படுது. வாசகசாலைக்கு வர்ற அம்மாவுக்கு இது ஜிடிகே 2, அது ஜிடிகே 3-னு தெரியவேண்டியதே இல்லை. அந்தச் சுமையை நாம வாங்கிக்கணும். வாங்கிக்க முடியலைன்னா வெளிப்படையாச் சொல்லிட்டு எடுத்துடணும். நடுவுல நிக்கறதுதான் பாவம். விண்டோ திறக்கும், தமிழ் விழாது, பட்டன் சாம்பலா இருக்கும், பிரிண்ட் போகாது, ஆனா பட்டியல்ல "உண்டு"ன்னு இருக்கும். வண்ணாமடைப் பெரியவர் தன் மேலதான் தப்புன்னு நினைச்சு நோட்டை எடுத்தார் பாருங்க, அப்படி ஆயிடும்.

அதனால நான் கேட்கறது இதுதான். ஒரு டூல்கிட் பதிப்பை இமேஜ்ல வைக்கறதுக்கு முன்னாடி அதுல எழுதின ஒரு புரோகிராமைத் திறந்து தமிழ்லயும் மலையாளத்துலயும் தெலுங்குலயும் ஒவ்வொரு வரி அடிச்சு, சேமிச்சு, மூடித் திறந்து, பிரிண்ட் எடுத்துப் பார்க்கணும். அது நடந்தா உள்ளே. நடக்கலைன்னா வெளியே. 2 ஆனாலும் சரி, 4 ஆனாலும் சரி.

#13 · பால்_சொசைட்டி_கணக்கர்

எங்க மெஷினுக்கு வழி இருக்கான்னு யாரும் சொல்லலையே.

#14 · பொதி_கட்டி

இருக்கு அண்ணா. உங்களை மறக்கலை.

உங்க சாஃப்ட்வேரை நாம மாத்த முடியாது, அது கேட்கற க்யூட்டி 4-ஐப் புது டிஸ்ட்ரோவுக்குள்ள நாமே கட்டி வைக்கறதும் எனக்குச் சம்மதமில்லை. யார் பார்த்துக்கறது? அதுக்குப் பதிலா டெபியன் 10-ன் 32 பிட் அமைப்பை ஒரு அடைவுக்குள்ள முழுசா இறக்கி, அந்த ஒரு புரோகிராம் மட்டும் அதுக்குள்ளேர்ந்து ஓடற மாதிரி செய்யலாம். கெர்னல் புதுசு, 64 பிட். உள்ளே இருக்கற லைப்ரரி மட்டும் பழசு. டெபியனோட பழைய பதிப்பெல்லாம் அவங்க காப்பகத்துல இன்னும் கிடைக்குது. மெஷின்லேர்ந்து வர்ற சீரியல் போர்ட்டையும் பிரிண்டரையும் அந்த அடைவுக்குள்ள தெரிய வைக்கணும், அவ்வளவுதான்.

ஒரே நிபந்தனை. டெபியன் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தம் 2024 ஜூனோட நின்னுடுச்சு. அந்த அடைவுக்குள்ளேர்ந்து இன்டர்நெட் போகக்கூடாது. விலைச் சீட்டு அடிக்க நெட் தேவையில்லைதானே?

#15 · பால்_சொசைட்டி_கணக்கர்

தேவையில்லை. மாசக் கடைசியில கணக்கை பென் டிரைவ்லதான் கொண்டுபோறேன். எப்ப வர்றீங்க? காலை எடுப்பு 8 மணிக்கு முடியும், சாயங்கால எடுப்புக்குள்ள திரும்ப ஓடணும்.

#16 · மூணாறு_லேப்

பொதி_கட்டி சொன்ன சோதனைக்கு எங்க பெட்டியையும் சேர்த்துக்கோங்க. பழைய சில்லு உள்ளது ஒண்ணாவது பட்டியல்ல இருக்கணும். ஜிடிகே 4 புரோகிராம் எதையும் இயல்பாப் போடவேண்டாம், வேணும்ங்கறவங்க தனியாப் போட்டுக்கட்டும்னு என் ஓட்டு. எக்ஸ்11-ங்கற பழைய திரை முறைக்கான பின்புலத்தை ஜிடிகே 4.18-லேர்ந்து கழிப்புப் பட்டியல்ல வச்சிருக்காங்க, ஜிடிகே 5-ல அது இருக்காதுன்னு சொல்லியிருக்காங்க. எக்ஸ்எஃப்சிஇ-யை நாம எக்ஸ்11-லதான் ஓட்டறோம். அன்னைக்கு இந்த இழையைத் திரும்பத் திறக்கவேண்டி வரும்.

#17 · கொழிஞ்சாம்பாறை_டீச்சர்

எல்லாவற்றையும் வைத்து நான் புரிந்துகொண்டபடி வேலையைத் தொடங்கிவிட்டேன். மறுப்பு இருந்தால் உடனே சொல்லுங்கள்.

இந்தப் பதிப்பில் ஜிடிகே 2 இருக்கும், ஐபஸ்-ஜிடிகே-யும் அதற்கான தீம் பகுதியும் சேர்த்து. பரிந்துரைப் பொதிகளை மொத்தமாகத் தள்ளும் வழக்கத்தை விட்டுவிட்டேன். இமேஜ் பெரிதாகிறது, பென் டிரைவை மாற்றிக்கொள்ளலாம். அடுத்த பதிப்பில் ஜிடிகே 2 இருக்காது என்று இப்போதே மூன்று வாசகசாலைச் சுவரிலும் எழுதி ஒட்டுகிறேன். அதற்குள் பதிவேட்டை ஜிடிகே 3-க்கு மாற்றவேண்டும். 4 வேண்டாம் என்றே எனக்கும் படுகிறது, நம் பெட்டிகளுக்கு 3 பொருத்தம், 3.24 கிளைக்கு இன்னும் திருத்தம் வந்துகொண்டிருக்கிறது.

மாற்றும் வேலையை நானே ஆரம்பித்தேன். கோட் ஏறக்குறைய நாலாயிரம் வரி. முதலில் ஜிடிகே 2-லேயே வைத்து, கழிக்கப்பட்ட ஃபங்ஷன்களைத் தடுக்கும் குறிகளைப் போட்டுக் கம்பைல் செய்தேன். பிழை பக்கம் பக்கமாக வந்தது. பெரும்பாலும் ஒரே வகை. விட்ஜெட்டுக்குள் நேரடியாகக் கைவிட்டு விண்டோவை எடுத்த இடங்கள். அவற்றைக் கேட்டு வாங்கும் ஃபங்ஷனாக மாற்றினேன். பிறகு ஜிடிகே 3-க்குத் தாவியதும் டேபிள் எல்லாம் கிரிட் ஆனது, எக்ஸ்போஸ் நிகழ்வில் வரைந்தது கெய்ரோ வழி டிரா ஆனது. எழுதிய பையனுக்கு மெயில் அனுப்பினேன். இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். அந்த டேபிளை ஏன் அப்படிப் பிரித்தான் என்று அவனுக்கே நினைவில்லை, ஆனால் ஒரு மணி நேரம் போனில் உட்கார்ந்து கூடவே படித்தான்.

பெயர்க் கட்டம், தேடல், தவணைத் தேதி மூன்றும் ஓடுகின்றன. தமிழும் மலையாளமும் அடித்துப் பார்த்தாயிற்று. நகரிக்காரரே, தெலுங்கு ஒரு வரி நீங்கள்தான் பார்க்கவேண்டும், கோப்பை அனுப்புகிறேன். உறுப்பினர் அட்டை அச்சடிக்கும் விண்டோ மட்டும் பாக்கி. அதில் அளவு தப்பி அட்டையின் பாதி வெள்ளையாக வருகிறது. பொதி_கட்டி, ஞாயிற்றுக்கிழமை சொசைட்டிக்கு வரும்போது 9 மணிக்கு மேல் வண்ணாமடைக்கும் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். பெரியவர் சாவியோடு இருப்பார்.